பிள்ளைக்கு வந்த நடை நின்றால்

உட்கார்ந்த பிள்ளை மறுபடி சரிகிறது. நடந்த பிள்ளை நடையை விடுகிறது. பேசிய சொற்கள் குறைகின்றன, கால்கள் விறைக்கின்றன, தலை வயதுக்கேற்ப வளரவில்லை. இதைக் கண்ணூறு என்று நூல் கட்டியும் தண்ணீர் ஓதியும் மாதங்களைக் கடத்துகிறோம். தில்லையடியிலிருந்து தென்னந்தோட்டத்துக்கு நாட்கூலிக்குப் போகும் தாய்க்குக் கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதும் காரணம்.

தோழர்களே, இந்த அறிகுறிகளுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று எச்.ஐ.வி. தாயிடமிருந்து தொற்றிய கிருமி குழந்தையின் வளரும் மூளையைத் தாக்கும். சில பிள்ளைகளில் வேறு எந்த நோயும் தெரியுமுன்னரே இதுதான் முதல் அடையாளமாக வரும். சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள குழந்தைகளில் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. மருந்தை நேரத்தோடு தொடங்கினால் பிள்ளை வளரும், பள்ளிக்கூடம் போகும். ஆனால் மூளை இழந்தது முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே நாள் கடத்தக் கூடாது.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது. கர்ப்பிணிகளுக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனையின் வெற்றி இது. பரிசோதனைக்குப் போகாத தாய்க்கும், பரிசோதனைக்குப் பின் தொற்றிய தாய்க்கும் அந்தச் சான்றிதழ் காவல் அல்ல. பாலூட்டும் காலத்திலும் கிருமி பரவலாம். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கலாம் என்பதால், அதற்குட்பட்ட பிள்ளைக்குக் கிருமியையே தேடும் தனிப் பரிசோதனை வேண்டும். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பயம் நோயை விடக் கொடியது. 2016இல் நமது மாகாணத்துக் குளியாப்பிட்டியில், தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் ஒரு சிறுவனைப் பள்ளியில் இருக்கவிடவில்லை. அவனுக்குத் தொற்றே இல்லை. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. இப்படி ஒரு ஊர் நடந்துகொண்டால் எந்தத் தாய் பரிசோதனைக்கு வருவாள்?

எனவே நமது கோரிக்கை இரண்டு. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் நாளில் சம்பளம் வெட்டக் கூடாது. நோயின் பெயரால் எவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. இவை நிர்வாகத்திடம். நம்மிடம் ஒன்று: பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோயைப் பற்றி வாயை அடக்குவோம். மருத்துவமாதுவிடம் வளர்ச்சிப் பதிவேட்டைக் காட்டி, "பிள்ளை முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் போதும்.