குளிருக்குக் கூண்டில் பல்பு வேண்டாம்: எங்கள் நிலைப்பாடு

டிசம்பர் பிறந்ததும் மும்பையின் வடாலா, அண்டாப்ஹில் பக்கத்து மாடிக் கூண்டுகளில் விடிய விடிய மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது. பெரும்பாலும் நூறு வாட் பல்பு, சில இடங்களில் ஹீட்டர், ஒன்றிரண்டு இடங்களில் கரிச்சட்டி. புறாமேல் உள்ள பாசத்தில் செய்வதுதான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த வட்டாரத்தில் ஹோமர் என்னும் பந்தயப் புறா வளர்க்கும் தமிழர்களின் சங்கம் என்ற முறையில் எங்கள் முடிவைச் சொல்கிறோம்: வடாலாவில் பந்தயப் புறாக் கூண்டுக்குச் சூடு ஏற்றக் கூடாது.

ஜனவரி விடியற்காலையில் இங்கே வழக்கமாக 16, 17 டிகிரி இருக்கும். மும்பையில் பதிவான மிகக் கடுமையான குளிரே 1962 ஜனவரி 22 அன்று சாந்தாகுரூஸில் இருந்த 7.4 டிகிரிதான். புறாவின் உடல் சூடோ 41 டிகிரியைத் தொடும். வயிறு நிறையத் தின்று, இறகை உப்பிக்கொண்டு, ஒரு காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு நிற்கும் பறவைக்கு நம் ஊர்க் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஒடிசா காவல்துறை 1946-இல் புறா அஞ்சலைத் தொடங்கியதே நம் ஊரைவிடக் குளிரான கோராபுட் மலை மாவட்டத்தில்தான். பந்தயத்தில் அன்றைக்கே வீடு சேராத ஹோமர், வழியில் எங்கோ ஒரு கட்டட விளிம்பில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் வந்து இறங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கூண்டில் ஹீட்டர் வைக்கிறார்களே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான், சிலர் வைக்கிறார்கள். அவர்களுக்குப் பந்தயம் தொடங்குவது ஏப்ரல் வாக்கில். அப்போது அங்கே குளிரும் மழை ஈரமும் சேர்ந்தே இருக்கும். காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் இறங்கும், கூண்டு காய்ந்து கிடக்கும், மூச்சு நோய் குறையும். ஈரத்தை விரட்டத்தான் அந்தச் சூடு. நமக்குக் குளிரும் ஈரமும் ஒரே மாதத்தில் வருவதில்லை. 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையில் பெரும்பகுதி ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் முடிந்துவிடுகிறது, அப்போது புழுக்கம். குளிர் வரும் மாதங்களில் மழையே இல்லை. எந்த மாதத்திலும் அந்த ஹீட்டருக்கு இங்கே வேலை கிடையாது.

கெடுதல் மட்டும் நிறைய. சூடு தங்கட்டும் என்று சாக்கைத் தொங்கவிட்டு, காற்று வரும் இடுக்கையெல்லாம் அடைக்கிறோம். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் இறகுத் தூளும் உள்ளேயே சுழல்கின்றன. கண்ணில் நீர் கட்டும். அலகுக்கு மேலிருக்கும் வெள்ளைச் சதை சாம்பல் நிறமாகும். அது தெரிந்த பறவையை டாஸுக்கு, அதாவது தொலைவில் பறக்கவிடும் பயிற்சிக்கு, கொண்டுபோகவே கூடாது என்பது பழையவர்களுக்குத் தெரியும். இரவெல்லாம் எரியும் பல்பு புறாவுக்குப் பகலை நீட்டுகிறது. பந்தய மாதத்தில் பெட்டை முட்டையிட உட்காருவதற்கும், உதிரக் கூடாத நேரத்தில் இறகு உதிர்வதற்கும் அதுவே வழி செய்யும்.

அந்தத் தூள் நம் நுரையீரலுக்கும் போகிறது. கூண்டுக்கு அடுத்த சுவரில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறது. 2025-இல் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மாநகராட்சி மூடியபோது ஊர் முழுக்க இதே பேச்சு. நம்முடையவை வளர்ப்புப் புறாக்கள் என்று சொல்லி அந்தக் கேள்வியிலிருந்து நாம் விலகிக்கொள்ள முடியாது.

பல்பு வயரில் ஒட்டும் தூளும், அருகில் தொங்கும் சாக்கும், பலகைக் கூண்டும் தீக்கு விறகு. நெருக்கியடித்த நம் குடியிருப்பில் ஒரு கூண்டு தீப்பிடித்தால் ஒரு வரிசையே போகும். கரிச்சட்டி அதைவிட மோசம். அதன் புகையற்ற நச்சு வாயு பறவையைத்தான் முதலில் கொல்லும். அதைக் கண்டறியவே பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தார்கள். கரிச்சட்டி வைக்கும் உறுப்பினரின் புறாக்களை எங்கள் பந்தயத்தில் சேர்க்க மாட்டோம்.

செய்ய வேண்டியது இது. குளிர்காற்று வருவது வடக்கிலிருந்து; அந்தப் பக்கம் மட்டும் பலகை அடியுங்கள், கூரையோரத்தில் ஒரு சாண் இடைவெளியைத் திறந்தே வையுங்கள். தகரக் கூரையில் விடியலில் பனி வேர்த்துச் சொட்டும், அதனடியில் மூங்கில் பாய் கட்டுங்கள். எச்சத்தைத் தினமும் சுரண்டுங்கள். ஒரு பறவைக்கு ஒரு மாடம் என்ற கணக்கை மீறாதீர்கள். மாலைத் தீனியில் மக்காச்சோளத்தைக் கூட்டி, கொஞ்சம் நிலக்கடலை சேருங்கள். சூடு அவற்றின் வயிற்றிலிருந்து வரட்டும்.

இரண்டு விலக்குகள் உண்டு. நோயுற்ற பறவை, தாய் தகப்பன் அணைக்காமல் விட்ட, முதல் பத்து நாளுக்குள்ளான குஞ்சு. இவற்றைக் கூண்டிலிருந்து பிரித்து, அட்டைப் பெட்டியில், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலோடு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

பல்பைக் கழற்றுகிறவர்களின் கூண்டுக்குப் பாய் கட்டவும் பலகை அடிக்கவும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஆட்கள் வருவார்கள். கூலி வேண்டாம். பாயும் ஆணியும் சங்கம் தரும்.