பார்க்க த்ரில், ஆடினா அவதி

1/ ஃபுளோரிடா சாகிராஸ் கோல்ஃப் மைதானத்தோட 17ஆவது குழி டிவியில பார்க்க செம த்ரில். வெறும் 137 கஜம்தான். ஆனா குழி இருக்கிற புல்தரையைச் சுத்தி தண்ணி.

2/ 3 ஸ்ட்ரோக்ல முடிக்கணும். 2005ல பாப் ட்வேக்கு 12 ஆச்சு. 2007 போட்டியில முதல் நாளே 50 பந்து தண்ணிக்குள்ள. கரையில ஒரே ஆரவாரம். பார்வையாளர்களுக்காகவே மண்மேடு எழுப்பிக் கட்டின மைதானம் அது.

3/ தொழில்முறை வீரர்களுக்கே இந்தக் கதின்னா, ஞாயித்துக்கிழமை மட்டும் ஆடுறவருக்கு? கொஞ்சம் பிசகினாலும் பந்தும் போச்சு, ஒரு ஸ்ட்ரோக் அபராதமும் ஆச்சு.

4/ ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் அகலமானது. தூரத்துல இருந்தே பந்தைத் தரையோட உருட்டிக் கொண்டு போகலாம். தப்பா அடிச்சவருக்கும் பெரும்பாலும் அடுத்த வாய்ப்பு இருக்கு.

5/ சாகிராஸைப் பார்த்து மத்த ஊர்லயும் தீவுப் புல்தரை கட்டுறது எனக்குச் சரியாப் படல. பெரிய போட்டி வருஷத்துல சில நாள்தான். மீதி நாளெல்லாம் ஆடப்போறது சாதாரண ஆளுங்க.