உடல் நலமும் உடன் நடப்பாரும்

"இன்று தொடங்கி நாள்தோறும் காலையில் ஒரு நாழிகை நடப்பேன், இனிப்புப் பண்டங்களைக் கையாலும் தொடேன்" என்று ஒருமுறையேனும் உறுதி செய்துகொள்ளாதார் நம்மில் அரியர். அவ்வுறுதியை ஒரு திங்கள் முழுதும் காத்து நின்றார் அவரினும் அரியர். தைப்பொங்கல் நாளில் தொடங்கிய நடை மாசி பிறக்குமுன் நின்றுவிடுகிறது. உணவுக் கட்டுப்பாடோ முதற் கலியாணப் பந்தியிலேயே முறிந்துபோகிறது. இஃது எற்றாலெனின், "மனவுறுதி இன்மையால்" என்று யாவரும் எளிதில் விடை கூறிவிடுவர். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்பொழுது அவ்வாறு எண்ணுகின்றிலேன். ஒருவன் மேற்கொண்ட நன்முயற்சி நிலைபெறுவதும் நிலைகுலைவதும் அவன் நெஞ்சத்தைப் பொறுத்தன போலவே, அவனைச் சூழ்ந்து வாழ்வாரையும் பொறுத்தன என்பதே இன்று என் துணிபு. அதனை நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் பிறந்து வளர்ந்தது உறையூர். முற்காலத்தே சோழர் தலைநகராய் விளங்கிய அவ்வூர், பிற்காலத்தே நெசவினாலும் சுருட்டினாலும் பெயர்பெற்றது. குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் இரு கால்களாலும் மிதியை மாற்றி மாற்றி மிதித்து, கையால் நாடாவை ஓட்டிப் பொழுது முழுதும் உழைத்தனர். தெருவில் பாவு விரித்த காலை, ஆடவரும் மகளிரும் அதன் நெடுகிலும் பன்முறை நடந்தனர். குளிப்பதற்குக் காவிரிக்கும், பண்டம் வாங்கக் கடைத்தெருவிற்கும் கால்நடையாகவே சென்று மீண்டனர். தேகப்பயிற்சி என்று ஒன்றைத் தனியே மேற்கொள்ள வேண்டிய தேவை அவர்க்கு இருந்ததில்லை. அக்காலத்தே வறுமையும் தொற்றுநோயும் மிக்கிருந்தமையால், அதனைப் பொற்காலமென்று போற்ற வந்தேனல்லேன். ஆயினும், அன்று தொழிலே அளித்த உடலுழைப்பை இன்று நாம் தேடிச் சென்று பெறவேண்டியவராயினோம் என்பது மறுக்கலாகாத உண்மை. தேடிப் பெறவேண்டிய பொருளைத் தனியே தேடுதல் அரிது.

நிற்க, இதன் இன்றியமையாமையைச் சிறிது நோக்குவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயினர் என்றும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அந்நோயின் வாயிலில் நிற்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. வாயிலில் நிற்பாரைத் தடுத்து மீட்டல் கூடுமா?

கூடும் என்பதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே உளது. சென்னை மருத்துவர் இராமச்சந்திரனாரும் அவர்தம் குழுவினரும் நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, தம் முடிபை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பகுதியினருள் நூற்றுக்கு 55 பேர் அக்காலத்துள் நோய்க்கு ஆளாயினர். நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவும், மாவுப்பொருளையும் கொழுப்பையும் குறைத்து உண்ணவும் தொடர்ந்து ஊக்குவிக்கப்பெற்ற பகுதியினருள் நூற்றுக்கு 39 பேரே ஆளாயினர். இதில் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இப்பயன் எய்தியவர் உடல் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு காணவில்லை. தராசின்மேல் ஏறி நின்று, முள் அசையவில்லையே என்று மனம் உடைந்து முயற்சியைக் கைவிடுவார் இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும். தராசு காட்டாத நன்மையும் குருதியில் நிகழ்கின்றது.

அவர்களே செய்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிறிதோர் ஆய்வு என் கருத்திற்கு இன்னும் நெருங்கியது. தென்னிந்தியாவில் நோயின் வாயிலில் நின்ற ஆடவர் 537 பேரை இரு பகுதியாக்கினர். உணவும் உடற்பயிற்சியும் பற்றிய அறிவுரை இரு பகுதியார்க்கும் தொடக்கத்தில் வழங்கப்பெற்றது. ஒரு பகுதியார்க்கு மட்டும் அதனை நினைவூட்டும் குறுஞ்செய்திகள் கைபேசி வழியே அடிக்கடி அனுப்பப்பெற்றன. ஈராண்டு கழித்து நோக்கிய போது, செய்தி பெறாதாருள் நூற்றுக்கு 27 பேரும், பெற்றாருள் நூற்றுக்கு 18 பேரும் நீரிழிவுற்றிருந்தனர். அறிவு இருவர்க்கும் ஒன்றே. நினைவூட்டும் துணை ஒருவர்க்கே இருந்தது. முகமறியாத ஒருவரிடமிருந்து வரும் இரண்டு வரிச் செய்திக்கே இத்துணை ஆற்றல் உண்டெனின், அறைத்தோழனும் உடன்பிறந்தானும் மனைவியும் கணவனும் துணைநின்றால் விளையும் பயன் எத்துணையாகும்!

ஆயினும் மிகைபடக் கூறுதல் தகாது. கேரளத்தில் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் 60 பகுதிகளைச் சேர்ந்த 1007 பேரைக் கொண்டு நடந்த முயற்சியில், அவ்வூராரே தலைமைதாங்கிய சிறு குழுக்கள் அமைந்தன. 2018-ஆம் ஆண்டில் வெளியான முடிபின்படி, குழுவினருள் நூற்றுக்கு 15 பேரும் ஏனையோருள் நூற்றுக்கு 17 பேரும் ஈராண்டில் நோயுற்றனர். இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். எனினும் குழுவினர் காய்கனிகளை மிகுதியாக உண்டனர். மதுப்பழக்கமுடையார் அதனைக் குறைத்துக்கொண்டனர். துணை என்பது நோயைத் துரத்தும் மந்திரமன்று. நல்வழியில் இன்னும் சிறிது தொலைவு நடக்கவைப்பது அதன் பணி, அதுவே பெரும்பேறு.

இனி, யான் இக்கருத்திற்கு வந்த வரலாற்றைக் கூறுவன். அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

மாணவனாய் விடுதியில் இருந்த காலத்தில் எங்கள் கூட்டத்தில் பருத்த உடலினன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவன், "நாளை முதல் வைகறையில் மலைக்கோட்டை ஏறப்போகிறேன், யாராவது வருகிறீர்களா?" என்று வினவினான். 83 மீட்டர் உயர்ந்த அப்பாறையின் உச்சியில் பிள்ளையார் கோயில் இருப்பதை யாவரும் அறிவர். யான் உடனே, "பிள்ளையாரைப் பார்க்கப் பிள்ளையாரே புறப்பட்டுவிட்டார்!" என்றேன். அறை முழுதும் சிரித்தது, அவனும் சிரித்தான். எட்டு நாட்கள் தனியே சென்றுவந்தான். திரும்பிவரும் ஒவ்வொரு நாளும் அச்சிரிப்பு அவனை எதிர்கொண்டது. ஒன்பதாம் நாள் அவன் எழவில்லை. யாங்களும் அதனை மறந்தோம்.

பல்லாண்டு கழித்து ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டேன். நாற்பது வயது நிரம்புமுன்னரே நீரிழிவு அவனைப் பற்றியிருந்தது. பழங்கதைகளைப் பேசினோம். சில ஆசிரியர் பெயரும் அவனுக்கு நினைவில்லை. ஆனால் யான் கூறிய அவ்வொரு சொற்றொடரை எழுத்துப் பிசகாமல் திரும்பச் சொன்னான். சினத்தோடு சொல்லவில்லை, முன்போலவே சிரித்துக்கொண்டே சொன்னான். அன்று என் இலையில் இருந்த உணவு எனக்கு இறங்கவில்லை. அவன் நோய்க்கு என் சொல்லே காரணம் என்று கூறேன். குடிவழியும் உணவும் தொழிலும் எனக் காரணங்கள் பல. ஆயினும் துணைவேண்டி ஒருவன் கேட்ட போது, யான் கொடுத்தது நகைப்பு. அக்கடனைத் தீர்க்க இன்று நாங்கள் இருவரும் மாலைதோறும் ஒன்றாக நடக்கின்றோம். சில நாட்களில் சோர்ந்து பின்வாங்குபவன் யானே. தெருமுனையில் நின்று காத்திருப்பவன் அவன்.

இதனால் யான் அறிந்தன சில. அறிவுரை கூறுதலினும் உடன் நடத்தல் மேலானது. "நீ மெலியவேண்டும்" என்பது கட்டளை. "மாலை ஐந்தரை மணிக்கு உன் வீட்டு வாயிலில் நிற்பேன்" என்பது துணை. ஒருவன் இரண்டு நாள் வாராதொழிந்தால், "ஏன் வரவில்லை?" என்று கணக்குக் கேட்டல் வேண்டா, மூன்றாம் நாள் வழக்கம்போல் வாயிலில் நின்றால் போதும். கணக்குக் கேட்பவனைக் கண்டு மனிதன் ஒளிந்துகொள்கிறான்.

விருந்தோம்பலிலும் நாம் ஒரு திருத்தம் செய்துகொள்ளல் நன்று. "இன்னும் ஒரே ஒரு சாங்கிரி, என் மனத்துக்காக" என்று இலையில் வைப்பது நம்மவர் அன்பின் அடையாளம். மறுப்பவனை, "பெரிய பத்தியக்காரர்!" என்று பந்தியில் எள்ளுவதும் உண்டு. மறுத்தல் உரைக்க அவன் எவ்வளவு துணிவு கொண்டான் என்பதை நாம் எண்ணுவதில்லை. ஒருமுறை கேட்டல் உபசாரம்; மறுமுறை வற்புறுத்தல் இடையூறு. வீட்டில் ஒருவர்க்குப் பத்திய உணவும் ஏனையோர்க்கு வேறுணவும் சமைப்பதினும், கீரையும் பருப்பும் காய்கறியும் மிகுந்த ஓருணவையே யாவரும் உண்பது, நோயாளியைத் தனிமையினின்றும் காக்கும். மற்றவரையும் நோயினின்றும் காக்கும்.

மற்றொன்றும் கூறவேண்டும். ஊக்குவித்தல் என்ற பெயரால் ஒருவரை எல்லை மீறத் தூண்டுதல் தீது. பட்டினி கிடந்து விரைவில் மெலிய முயலும் இளைஞரும் நங்கையரும் இன்று பலர். அவரைப் புகழாது தடுத்து, உண்ணச் செய்து, வேண்டுமாயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்பவனே மெய்த்தோழன். மருந்து உட்கொள்ளும் நீரிழிவு நோயினர் மருத்துவரை வினவாது உணவை ஒறுத்தலும் ஆபத்தாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வகுத்த நெறியின்படி, வளர்ந்தோர்க்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்புப் போதும்; அஃதாவது, நாளொன்றுக்கு அரைமணியாக ஐந்து நாள் நடை. தமிழக அரசு 2023-ஆம் ஆண்டில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தால் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. பாதை வகுத்தல் அரசினர்க்கு இயலும். அதில் உடன்வருதல் அடுத்த வீட்டார்க்கும் அடுத்த அறையார்க்குமே இயலும்.

மாணவ நண்பர்களே! நும் விடுதியில் நாளையே ஒருவன், "யாராவது வருகிறீர்களா?" என்று கேட்பான். அவன் தடித்தவனாயிருக்கலாம்; மெலிந்தவனாயிருக்கலாம்; கூச்சமுடையவனாயிருக்கலாம். அவ்வினாவிற்கு விடை கூறும் முன்னர் நகைச்சுவை நாநுனியில் வந்து நிற்கும். அதனை விழுங்கிவிட்டுக் காலில் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். யான் அன்று செய்யாது விட்டது அதுவே.