ஷாஃப்டை இளைக்க வைத்தது போதும், ஜாயிண்டைப் பாருங்கப்பா!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பற்றி எத்தனை இருந்தாலும் கதை ஒன்றுதான். ஸ்டீல் குழாயை எடுத்துவிட்டு அலுமினியமோ கார்பன் ஃபைபரோ போடுவார்கள். ஒரு முனையை அசையாமல் பிடித்து மறுமுனையை முறுக்குவார்கள். கலர் கலராக ஸ்ட்ரெஸ் படம் வரும். எடை பாதிக்கு மேல் குறைந்தது, சுபம்! வைவாவும் முடிந்துவிடும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நீளமான ஷாஃப்டுக்கு முதல் எதிரி முறுக்கு இல்லை சாமி, கிரிட்டிகல் ஸ்பீட். 70 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் குழாய் 2 மீட்டர் நீளம் என்றால் கணக்குப்படி சுமார் 3000 ஆர்.பி.எம்.மிலேயே வில்லாக வளைந்து ஆட ஆரம்பிக்கும். அதையே 1 மீட்டராக்கினால் 12000. நடுவில் பேரிங் போட்டு இரண்டு துண்டாக்குவது இதற்காகத்தான். அதே அளவில் அலுமினியத்துக்கு மாற்றினால்? ஒன்றும் மாறாது! விறைப்பும் அடர்த்தியும் சேர்ந்தே மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறதே. கார்பனிலும் முறுக்கைத் தாங்க எல்லா அடுக்கையும் ±45 டிகிரியில் சுற்றினால் நீளவாக்கு விறைப்பு போய், ஸ்டீலை விட மோசமாகும். கொஞ்சம் இழையாவது நீளவாக்கில் ஓடணும். இது எத்தனை ரிப்போர்ட்டில் இருக்கிறது?

சரி, ஷாஃப்டை விடுங்கள். ஜாயிண்ட்? பல ரிப்போர்ட்டுகளில் அதற்கு ஒரு படம், ஒரு பாரா. அவ்வளவுதான்.

கிராஸ் ஜாயிண்ட் வேகத்தைச் சீராகக் கடத்தாது. 10 டிகிரி கோணத்தில் 2000 ஆர்.பி.எம். கொடுத்தால், மறுபக்கம் 1970க்கும் 2031க்கும் நடுவே ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை ஏறி இறங்கும். கோணம் இரண்டு மடங்கானால் இந்த ஆட்டம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால்தான் இரண்டு ஜாயிண்ட் போட்டு, கோணங்களைச் சமமாக்கி, யோக்குகளை ஒரே தளத்தில் வைக்கிறோம். அதுவும் எப்போதும் நிலைக்காது. லீஃப் ஸ்பிரிங் வண்டியில் கிளட்சை விட்டதும் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே தூக்கும். கோணம் இரண்டும் வேறாகும், கிளம்பும்போது வண்டி உதறும். கோணமே வேண்டாம் என்று நேராக வைத்தாலும் தப்பு. நீடில் ரோலர்கள் ஒரே இடத்தில் நின்று குழி போட்டுவிடும். ஓரிரு டிகிரி வேண்டும்.

நல்ல மெக்கானிக் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார், கவனித்திருக்கிறீர்களா? ஸ்ப்ளைனை ஒரு பல் மாற்றிச் சொருகினாலே யோக்குகளின் தளம் தவறிவிடும், வண்டி அதிரும். நம்ம ரிப்போர்ட்டுகளில் அந்தக் கோட்டுக்கு ஒரு வரி கூட இல்லை. அடுத்த செட் பசங்களே, குழாயை வரையும் முன் வண்டியில் லோடு ஏற்றி, ஜாயிண்ட் கோணத்தை அளந்துவிட்டு வாருங்கள். ஆன்சிஸ் எங்கேயும் ஓடிப்போகாது :)