வியப்பா? வெட்கமா?

கிரிக்கெட் என்றால் நம் விடுதிகளில் நள்ளிரவு கடந்தும் பேச்சு ஓயாது. பேஸ்பால் என்றால் மட்டும், “அது அமெரிக்கர் ஆட்டம், நமக்கென்ன?” என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆட்டத்தை ஒதுக்கினாலும், சாட்செல் பேஜ் என்ற மனிதரை ஒதுக்க வேண்டாம் நண்பர்களே! 59 வயதில் முதல்தர ஆட்டத்தில் பந்தெறிந்தார், மூன்று ‘இன்னிங்ஸ்’ வரை எதிரணியை ஓர் ஓட்டங்கூட எடுக்க விடவில்லை என்று அவரைப் பற்றி வியந்து சொல்வார்கள். செய்தி மெய்தான். ஆனால் அந்த வியப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்று சொல்லுமுன், அவர் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பேஸ்பாலில் பந்தெறிபவரைப் ‘பிட்சர்’ என்பர். பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை. அறுபதரை அடி தொலைவிலிருந்து, 17 அங்குல அகலமே உள்ள தட்டின் மேலாகப் பந்து போக வேண்டும். அடிப்பவனுக்கு எட்ட வேண்டும், ஆனால் அவன் அடிக்கக் கூடாது. பேஜ் அந்தத் தட்டுக்குப் பதில் சூயிங்கம் சுற்றிய காகிதத்தை வைத்துப் பழகுவார் என்று கதை உண்டு. கதையில் பாதி மெய்யானாலும் போதும். வேகமும் குறியும் ஒரே கையில் வாய்ப்பது அரிது, அவருக்கு வாய்த்தது.

1906இல் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் ரயில் நிலையத்தில் பைகளைச் சுமந்து சில்லறை சேர்த்தார். ‘சாட்செல்’ என்றால் பைதானே, பெயர் ஒட்டிக்கொண்டது. 12 வயதில் சில்லறைத் திருட்டுக்காகச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். பந்தெறியும் கலையை அவர் ஒழுங்காகக் கற்றது அங்கேதான். 1926இல் சாட்டனூகா நகரத்துக் கறுப்பர் அணியொன்றில் தொழிலாட்டக்காரராகச் சேர்ந்தார்.

‘கறுப்பர் அணி’ என்றேன். வெள்ளையர் லீகுகளில் கறுப்பருக்கு இடமில்லை என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. 1884இல் மோசஸ் வாக்கர் என்ற கறுப்பர் ஒருவர் பெரிய லீகில் ஆடியுமிருக்கிறார். அதன்பின் அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு கதவை அடைத்துவிட்டார்கள். எழுதிய சட்டமென்றால் வழக்குப் போடலாம். எழுதாததை எங்கே போய் எதிர்ப்பது? நம் நாட்டில் பல்வங்கர் பாலுவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த அந்தத் தாழ்த்தப்பட்ட குலத்துப் பந்துவீச்சாளருக்கு, பூனாவில் பந்தல் நிழலுக்கு வெளியேதான் தேநீர், அதுவும் மண் குவளையில்!

பேஜ் கறுப்பர் லீகுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எறிந்தார். பர்மிங்காம், பிட்ஸ்பர்க், கான்சாஸ் நகரம், இடையே 1937இல் டொமினிக்கன் குடியரசு, பிறகு மெக்சிகோ. ஒப்பந்தத்தை மதியாமல் ஓடியவர் என்று அவரைக் குறை சொல்வார்கள். இந்தக் குறையை நான் ஏற்கமாட்டேன். பெருஞ்சந்தையின் வாசலை அடைத்துவிட்டு, சிறுசந்தையில் விலை பேசாதே என்றால் எப்படி? தென்மாநிலங்களில் ஓட்டல் அவரை உள்ளே விடாது, உணவுச்சாலை பரிமாறாது. பேருந்திலேயே தூங்கி மறுநாள் எறிய வேண்டும். பருவம் முடிந்ததும் அதே வெள்ளை நட்சத்திரங்கள் அவரோடு காட்சியாட்டம் ஆட வருவார்கள். 1934இல் டிசி டீன், 1946இல் பாப் பெல்லர். கூட்டம் திரளும், வசூல் குவியும். சேர்ந்து சம்பாதிக்கலாம், சேர்ந்து ஒரு லீகில் ஆடக் கூடாது!

1947இல் ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்தார். மறு ஆண்டு, தம் 42ஆம் பிறந்த நாளில், பேஜ் கிளீவ்லாந்து அணியில் கையொப்பமிட்டார். விளம்பர வித்தை என்று எள்ளியவர் உண்டு. பேஜ் வாயால் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் 3ஆம் நாள் அவர் எறிவதைப் பார்க்க 72,434 பேர் வந்தனர். 20ஆம் நாள் 78,382 பேர். அவ்வாண்டு ஆறு வெற்றி, ஒரு தோல்வி. உலகத் தொடரை கிளீவ்லாந்து வென்றது. அத்தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பர் அவரே. இவையெல்லாம் 42 வயதுக் கைக்கு! 25 வயதுக் கை என்ன செய்திருக்கும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இப்போது அந்த 59 வயதுக் கதைக்கு வருவோம். 1965 செப்டம்பர் 25. கான்சாஸ் நகரத்து அணி முதலாளி அவரைக் கூட்டிவந்து, ஓர் ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு செவிலியையும் நிறுத்தினார். கிழவரைக் காட்டிச் சிரிக்கவைக்கும் ஏற்பாடு. பேஜ் எழுந்து போய் பாஸ்டன் அணிக்கு மூன்று இன்னிங்சில் ஒரே ஒரு ‘ஹிட்’ மட்டும் கொடுத்தார். அந்த நாற்காலியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து, ஆட்டக்காரர் ஓய்வூதியத்துக்கு அவருக்கு 158 நாள் பணிக்காலம் குறைவாக இருந்தது; அட்லாண்டா அணி தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டதால் அது நிரம்பிற்று. இளமை முழுவதையும் அடைத்த கதவுக்கு வெளியே கழிக்கவைத்தவர்கள், முதுமையில் நாள் கணக்குப் பார்த்தார்கள். வியப்புக்குரியது எது, வெட்கத்துக்குரியது எது?

1971இல் புகழ் மன்றத்தில் சேர்த்தபோதும், கறுப்பர் லீக் ஆட்டக்காரருக்கென்று தனிப் பகுதியில் வைப்பதாகவே முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மாற்றினார்கள். 1982இல் அவர் மறைந்தார். 2020இல் அந்தக் கறுப்பர் லீகுகளும் பெரிய லீகுகளே என்று அறிவிப்பு வந்தது; 2024இல் கணக்குகளும் ஏடேறின. காலங்கடந்த நீதி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். போதிய ஆட்டக் குறிப்புகள் இல்லாதபோது ஒப்பிடலாமா என்று வேறு சிலர். ஏடு திருந்தியது நல்லதே என்பது என் கருத்து. குறிப்புகள் ஏன் இல்லை? அந்த ஆட்டங்களைப் பெரிய பத்திரிகைகள் மதிக்காததால்தானே! குறிப்பெடுக்காதவர்களே குறிப்பு எங்கே என்று கேட்கலாமா?

பேஜாவது 42 வயது வரை காத்திருந்து உள்ளே போனார். அவரோடு ஆடிய ஜாஷ் கிப்சன், மட்டை பிடித்தவர்களில் தலைசிறந்தவர், 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். ராபின்சன் களமிறங்கியது ஏப்ரலில்.

பேஜின் தன்வரலாறு 1962இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சங்க நூல்நிலையத்துக்கு அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது கிரிக்கெட் வீரர்கள் வரலாறு நாலைந்து வாங்குவோமே, அவற்றோடு இதையும் ஒரு பிரதி வாங்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.