சின்ன டாக்டரம்மா ஏன் வேலையை விடுகிறாள்?



தோட்டத்துத் தாய் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "என் மகள் ஐந்து வருடம் படித்து மிருக வைத்தியரானாள். பட்டணத்துக் கிளினிக்கில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் வேலையை விடப் போகிறேன் என்கிறாள். பொறுத்துக்கொள் என்று சொல்லட்டுமா?"

பொறுக்கச் சொல்வதற்கு முன், எதைப் பொறுக்கிறாள் என்று கேளுங்கள், அம்மா.

1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மிருக வைத்தியர் மன்றத்தில் பெயரைப் பதிந்தால்தான் நம் நாட்டில் இத்தொழில் செய்யலாம். பெயர் பதிந்தாயிற்று. கை பழக வேண்டாமா?

பால் மரம் வெட்டப் பழகுகிறவளை முதல் நாளே நல்ல நிரையில் தனியாக விடுவார்களா? கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் வெட்டுவது கஷ்டம். அதனால்தான் பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பார். பெட்டை நாய்க்குக் கருப்பை எடுக்கும் ஆபரேஷனும் அப்படித்தான். பூனையில் பழகிய கை, கொழுத்த நாயின் வயிற்றில் திணறும். கட்டிய முடிச்சு நழுவினால் உள்ளே ரத்தம் கொட்டும். அந்த நேரத்தில் பெரிய டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பெண் தொழில் கற்றுக்கொள்வாள். வேறு ஊரில் இருந்தால் பயத்தைத்தான் கற்றுக்கொள்வாள். பிரிட்டனில் 2021 முதல் புதிய மிருக வைத்தியருக்குக் கிளினிக்கிலேயே ஒரு மூத்தவரை வழிகாட்டியாக வைக்கும் ஏற்பாடு நடக்கிறது.

"நல்ல சம்பளம் கொடுத்தும் ஆள் நிற்பதில்லை" என்று முதலாளிகள் குறைப்படுகிறார்கள். ராத்திரி அழைப்பெல்லாம் ஒருத்தி தலையில் விழுந்தால், கூடக் கொடுக்கும் இருநூறு வெள்ளி எந்த மூலைக்கு? பில்லைப் பார்த்துக் கத்துகிறவர்கள் முன்னால் அவள்தான் நிற்கிறாள். பிழைக்காத நாய்க்குக் கடைசி ஊசி போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பூனையைப் பார்க்கிறவளும் அவள்தான். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து, "எந்தக் கேஸ் உன்னை வாட்டியது?" என்று கேட்கிற பெரிய டாக்டரிடம் ஆள் நிற்கும். இதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் செய்கிறவர் குறைவு!

இன்னொன்று, வெறிநாய்க்கடி. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017இல் சரவாக்கிலும் அந்நோய் தலைகாட்டியது. நாயைத் தொடுகிற வேலைக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். கிளினிக் அதைப் போட்டுவிட்டதா என்று உங்கள் மகளைக் கேளுங்கள்.

கையெழுத்திட்ட தாளையும் எடுத்துப் பாருங்கள். "விலகிய பிறகு இந்த வட்டாரத்தில் தொழில் செய்யக்கூடாது" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, சில விலக்குகள் தவிர, இப்படிப்பட்ட தடையைச் செல்லாது என்கிறது. பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேறு சங்கதி. அது கட்டுப்படுத்தக்கூடும். விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே விலகல் கடிதம் கொடுக்கட்டும். இனிச் சேரும் இடத்திலாவது வாசித்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கல்யாணம் பேசுகிற வயது என்பதால் இதையும் சொல்கிறேன்: தீபகற்ப மலேசியாவில் 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். முன்பு 60 நாளாக இருந்தது.

ராத்திரி முறையைப் பங்கு போடும்படியும், ஆபரேஷனில் கூட நிற்கும்படியும் உங்கள் மகள் முதலில் வாய்விட்டுக் கேட்கட்டும். ஒரு மாதத்தில் ஒன்றும் மாறவில்லையென்றால், வேறு இடம் பார்த்துக்கொண்டு முறைப்படி அறிவித்து விலகட்டும். நான் தடுக்க மாட்டேன். போகிற இடத்தில், அங்கே வேலை செய்யும் சின்ன டாக்டரோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச அனுமதி கேட்கச் சொல்லுங்கள். பெரிய டாக்டர் தயங்கினால் சம்பளத்தைப் பற்றிக் கேட்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம்.