பட்டியலில் விடுபட்ட குழாய்

உங்கள் வீட்டில் பழகிய இரும்பு தோசைக்கல் இருக்கிறதா? அதன்மேல் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். அது இருக்கும்வரை கல் துருப்பிடிக்காது. ஒருநாள் சோப்பு போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டால், மறுநாளே துரு எட்டிப் பார்க்கும்.

அணுமின் நிலையங்களில் வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்களுக்கும் உள்ளே ஒரு கறுப்புப் படலம்தான் காவல். அதன் பெயர் மேக்னடைட். தோசைக்கல்லில் இருப்பது எண்ணெய் தந்த படலம். இது சூடான நீரும் இரும்பும் சேர்ந்து தானாக உருவாக்கிக்கொள்வது. இந்தக் காவலாளியைக் கரைப்பதும் அதே தண்ணீர்தான்!

எப்படி? டம்ளர் தண்ணீரில் ஒரு கற்கண்டு போடுங்கள். சும்மா விட்டால் மெதுவாகக் கரையும். ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் கரைந்துவிடும். குழாயிலும் இதே கதைதான். நேரான பாதையில் நீர் அமைதியாகப் போகும். குழாய் வளையும் இடத்திலும், குறுகி விரியும் இடத்திலும் சுழித்துக் கலங்கும். அங்கே படலம் வேகமாகக் கரையும். கரைந்த படலத்தை ஈடுகட்ட அடியிலிருக்கும் இரும்பு புதிய படலமாக மாறும். அதுவும் கரையும். இப்படியே குழாயின் சுவர் உள்ளுக்குள் இளைத்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

ஆக்சிஜனை நீக்கிய மிகச் சுத்தமான நீரில்தான் இந்த இளைப்பு அதிகம் என்பது இதில் வேடிக்கை. அதிலும் 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வேகம் உச்சத்துக்குப் போகும்.

ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்தில் உள்ள மிஹாமா அணுமின் நிலையத்தில் இவை எல்லாமே ஓரிடத்தில் கூடியிருந்தன. அங்கே மூன்றாவது யூனிட் 1976-ல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. டர்பைன் கட்டடத்தில் சுமார் 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய். உள்ளே சுமார் 140 டிகிரியில், அழுத்தத்தோடு ஓடும் நீர். ஓட்டத்தை அளப்பதற்காக நடுவில் ஓட்டையிட்ட ஒரு தட்டு. அந்த ஓட்டையைத் தாண்டியதும் நீர் சுழிக்கும்.

அந்தக் குழாயின் சுவர் முதலில் 10 மில்லிமீட்டர் தடிமன். 2004 ஆகஸ்ட் 9 அன்று, மிக மெலிந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. பிற்பகலில் குழாய் வெடித்துத் திறந்தது. கொதிநீரும் நீராவியும் கட்டடத்தை நிறைத்தன. சில நாளில் தொடங்கவிருந்த வருடாந்தரப் பரிசோதனைக்காக ஏற்பாடுகள் செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் 11 பேர் வெந்துபோனார்கள். அவர்களில் 5 பேர் இறந்தார்கள். அது கதிரியக்கம் இல்லாத நீர். அவர்களைக் கொன்றது வெறும் வெந்நீர்.

விசாரணையில் தெரியவந்த விஷயம்தான் மனதை அறுக்கிறது. தடிமனை அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இந்த இடம் விடுபட்டிருந்தது. 28 வருடங்களில் ஒருமுறைகூட அங்கே அளந்து பார்க்கவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள சர்ரி நிலையத்தில் 1986-லேயே இதேபோல ஒரு குழாய் வளைவு வெடித்து 4 பேர் இறந்திருந்தார்கள். ஆபத்து உலகத்துக்குத் தெரிந்ததுதான்.

சரி, கரைந்த இரும்பு எங்கே போகிறது? நீரோடு பயணம் செய்து, நீராவி உண்டாக்கும் கலனில் போய்ப் படிகிறது. வெந்நீர் கெட்டிலின் அடியில் உப்பு படிவதுபோல. அங்கே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களைத் தாங்கும் தகடுகளில் நீர் மேலேற இடைவெளிகள் உண்டு. படிவு அந்த இடைவெளிகளை அடைக்கும். பிரான்ஸின் க்ருவாஸ் நிலையத்தில் 2004-க்கும் 2006-க்கும் இடையில் இதுதான் நடந்தது. வழி அடைபட்டதால், திறந்திருந்த இடங்களில் நீர் வேகமெடுத்தது. குழாய்கள் அதிர்ந்து, விரிசல் விட்டுக் கசிந்தன. ஓரிடத்தில் இளைப்பு, இன்னோரிடத்தில் அடைப்பு. இரண்டுக்கும் காரணம் ஓடும் நீர்.

தீர்வுகள் எளிமையானவைதான். இரும்பில் கொஞ்சம் குரோமியம் கலந்தாலே கரைவது வெகுவாகக் குறையும். நீரின் காரத்தன்மையைச் சற்று கூட்டினாலும் பலன் உண்டு. படிவுகளை ரசாயனம் கொண்டு கழுவலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட் முறையில், குழாயின் தடிமனை வெளியிலிருந்தே அளந்துவிடலாம்.

கருவி இருந்தது, அறிவு இருந்தது, ஆபத்தும் தெரிந்திருந்தது. பட்டியலில் ஒரு வரி மட்டும் இல்லை. அந்த ஒரு வரியின் விலை ஐந்து உயிர்கள்.